சேலம் மத்தியச் சிறை, 1950 பிப்ரவரி 11: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் மத்தியச் சிறைக்குள் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, சனிக்கிழமையன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தனர், ஏராளமானோர் காயமடைந்தனர். இந்தியா குடியரசாகி அன்றோடு 16 நாள்களே ஆகியிருந்தன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அப்போது சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்த மலபாரைச் சேர்ந்த விவசாயிகள். காவேரி முதலியார், ஷேக் தாவூது போன்ற தமிழ்நாட்டவரும் அவர்களோடு மாண்டனர். ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று இடதுசாரிக் கட்சியினர் அஞ்சலி செலுத்துகிறார்கள் என்பதைத் தவிர, மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பெயர் பெற்ற இந்த ஊரின் பொது நினைவில் அந்தச் சனிக்கிழமைக்குப் பெரிய இடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் கம்யூனிச மோதல்களைப் பற்றிப் பேசுவோர் கொரியா, வியத்நாம், மலாயா, இந்தோனேசியா என்று வரிசைப்படுத்துவார்கள். மாஸ்கோவிலோ பீக்கிங்கிலோ ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அதன் விளைவாக இன்ன நாட்டில் இரத்தம் சிந்தியது என்பது அந்தக் கதைகளின் வழக்கமான அமைப்பு. சேலத்து நிகழ்வையும் அந்தச் சட்டகத்துக்குள் பொருத்திவிடலாம். பலர் பொருத்தியும் இருக்கிறார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் அந்தப் பொருத்தம் பாதியில் நின்றுவிடுகிறது. உலக அரசியல் சேலம் சிறைக்குள் நுழைந்தது உண்மை. எந்த வாசல் வழியாக, யார் கையால் நுழைந்தது என்பதே இந்த ஆய்வு ஆராய விரும்பும் கேள்வி.

சிறையும் கைதிகளும்

அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகும் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறை 1862இல் வெள்ளையர் ஆட்சியில் ஏற்பட்டது. மலபாரில் பிடிபட்டவர்கள் ஏன் இவ்வளவு தொலைவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்ற கேள்விக்கு விடை எளிது. மலபார் அன்று சென்னை ஆட்சிக்கு உட்பட்டது. கண்ணூர்ச் சிறை நிரம்பி வழிந்தது. சொந்த ஊரிலிருந்தும் ஆதரவாளர்களிடமிருந்தும் கைதியைப் பிரித்து வைப்பது நிர்வாகத்துக்கு வசதி. 1921இல் மலபார் முஸ்லிம் விவசாயிகள் எழுந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போதும் இதே வழக்கம் இருந்தது. அந்த நவம்பரில் திரூரிலிருந்து பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்ட கைதிகளில் 60க்கும் மேற்பட்டோர், மூடிய சரக்கு வண்டிக்குள் மூச்சுத் திணறி இறந்ததைப் போத்தனூரில் கதவைத் திறந்தபோதுதான் கண்டார்கள்.

சேலம் சிறையில் இருந்த கம்யூனிஸ்டுகள் இரு வகையினர். விவசாயிகள் கிளர்ச்சி வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் ஒரு வகை. 1947ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் மற்றொரு வகை. தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. திருட்டு, கொலைக் குற்றவாளிகளுக்குரிய விதிகளே அவர்களுக்கும் பொருந்தும் என்பது நிர்வாகத்தின் நிலை. இங்கே ஒரு விவரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் வகுக்கப்பட்ட ஏ, பி, சி என்னும் சிறை வகுப்புகள், கைதி செய்த செயலின் தன்மையைவிட, அவனுடைய கல்வியையும் வெளியே அவன் வாழ்ந்த வாழ்க்கைத் தரத்தையும் பார்த்தே முடிவு செய்யப்பட்டன. கல்லூரியில் படித்த தலைவருக்குக் கட்டிலும் செய்தித்தாளும் கிடைக்க வழி உண்டு. அதே கட்சிக்காக அதே போராட்டத்தில் சிறை புகுந்த குடியானவனுக்குக் களியும் கைதி உடையும் கடின உழைப்பும்தான். நிலப்பிரபு முறையை எதிர்த்துச் சிறைக்கு வந்தவனைச் சிறை மறுபடியும் அவனுடைய பழைய தட்டிலேயே நிறுத்தியது. பிப்ரவரி 11ஆம் நாளின் மோதலுக்கு எண்ணெய் வார்த்தது இந்த அவமதிப்பு என்பது என் கருத்து.

கைதிகள் சிறைக் காவலர்களைத் தாக்கினார்கள், நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சுட வேண்டியதாயிற்று என்பது அரசுத் தரப்பு. அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள்மீது திட்டமிட்டே சுட்டார்கள் என்பது உயிர் பிழைத்தவர்களின் தரப்பு. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், மாண்ட 22 பேரும் உயர்ந்த மதிலுக்குள் இருந்தவர்கள், கையில் துப்பாக்கி இல்லாதவர்கள் என்ற உண்மை மாறுவதில்லை. கைகலப்பை அடக்கத் தடி போதும். 22 சாவு என்பது சுடத் தொடங்கிய பின்பும் நிறுத்தாமல் சுட்டதற்கு அடையாளம்.

இறந்தவர்களில் ஒருவர் தளியன் ராமன் நம்பியார். மற்றொருவர் பள்ளி ஆசிரியராக அறியப்பட்ட ஓ. பி. அனந்தன். இருவரும் வடக்கு மலபாரின் காவும்பாய்ப் போராட்டத்தைச் சேர்ந்தவர்கள். ராமன் நம்பியாரின் மகன் நாராயணன் நம்பியாரும் அன்று அதே சிறையில் இருந்தார். தந்தை குண்டு பட்டு இறந்தார். மகன் குண்டடிபட்டும் பிழைத்து, தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தார்.

காவும்பாய்க் குன்று

இவர்களைச் சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்ன என்பதை அறிய 1942க்குப் போக வேண்டும். மலபார் தனக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவித்த மாவட்டம் அல்ல. மிளகும் தேங்காயும் வெளியே போகும். பர்மாவிலிருந்து கப்பலில் அரிசி வரும். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டே பஞ்சமும் காலராவும் மலபாரை வாட்டின. போர் முடிந்த பின்பும் பற்றாக்குறை தீரவில்லை. ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களின் களஞ்சியத்தில் நெல் சேர்வதும், அது அதிக விலை கிடைக்கும் இடத்துக்குப் போவதும் நிற்கவில்லை. ஆக, உலகப் போர் வடக்கு மலபாரின் மலையடிவார ஊர்களை முதலில் தொட்டது சோற்றுப் பானை வழியாகத்தான். எந்தக் கட்சியின் தீர்மானமும் அப்போது அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.

1946 டிசம்பர் 20 அன்று கரிவெள்ளூரில், சிறக்கல் அரச குடும்பத்துக்குச் சேர வேண்டிய நெல்லை ஊரை விட்டுக் கொண்டுபோகவிடாமல் விவசாயிகள் மறித்தார்கள். போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். பத்து நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, காவும்பாய்க் குன்றில் திரண்டிருந்த விவசாயிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் மாண்டனர். அங்கே கேட்கப்பட்டது புனம் சாகுபடிக்கான உரிமை. மலைச்சரிவில் புதரை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் மலைநெல் விதைத்து, சில பருவங்களுக்குப் பின் அந்த இடத்தை ஓயவிட்டு வேறிடம் போவது புனம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும், மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் பழைய காட்டு வேளாண்மையும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. ஆகவே சேலத்துக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல அதிகம் வேண்டியதில்லை. காவும்பாயில் அந்தக் காடு கரக்காட்டிடம் நாயனார் குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரை நில உடைமை. பசித்தவன் தரிசாகக் கிடக்கும் சரிவில் விதைக்க அனுமதி கேட்டான், ஜன்மி மறுத்தார், விவசாயிகள் சங்கம் துணை நின்றது, போலீஸ் வந்தது.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். 1946 டிசம்பரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி. சி. ஜோஷி. ஆயுதப் புரட்சி என்ற பேச்சே அன்றைய கட்சி வழியில் இல்லை. சென்னையில் ஆட்சி செய்தது த. பிரகாசத்தின் காங்கிரஸ் அமைச்சரவை. பொது ஒழுங்கைக் காக்கும் அவசரச் சட்டம் 1947 ஜனவரியில், அதாவது பனிப்போர் என்ற பெயரே பரவலாவதற்கு முன்பே, அந்த ஆட்சியில்தான் வந்தது.

போலந்திலிருந்து கல்கத்தா வரை

கட்சியின் வழி மாறியது அதன் பின்னர்தான். 1947 செப்டம்பரில் போலந்தில் கூடிய ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகள் கமின்ஃபார்ம் என்னும் தகவல் அமைப்பை உருவாக்கின. உலகம் ஏகாதிபத்திய முகாம், ஜனநாயக முகாம் என இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று சோவியத் தலைவர் ஷ்தானவ் அங்கே அறிவித்தார். நேருவின் அரசு எந்த முகாம் என்ற கேள்வி எழுந்தது. முதல் முகாம் என்று கட்சி விடை சொல்லிக்கொண்டது. 1948 பிப்ரவரியில் கல்கத்தாவில் தென்கிழக்கு ஆசிய இளைஞர் மாநாடும், அதைத் தொடர்ந்து அதே நகரில் கட்சியின் இரண்டாவது காங்கிரசும் கூடின. ஜோஷி விலக்கப்பட்டார், உடனடிப் புரட்சி என்ற வழியை முன்வைத்த பி. டி. ரணதிவே பொதுச் செயலாளரானார். அந்த ஆண்டிலேயே மார்ச்சில் பர்மாவிலும் ஜூனில் மலாயாவிலும் செப்டம்பரில் ஜாவாவின் மதியூனிலும் மோதல் வெடித்தது. கல்கத்தாவில் உத்தரவு கொடுக்கப்பட்டு ஒரே திட்டமாக இவையெல்லாம் நடந்தன என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கெனத் தனிக் காரணங்கள் முன்பே முற்றியிருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர்.

ரணதிவே காலத்துக் கட்சித் தலைமைக்குச் சேலத்து நிகழ்வில் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிறையும் ஒரு போர்க்களம், உள்ளே இருப்பவன் அங்கேயும் மோத வேண்டும் என்பது அன்றைய வழியின் ஒரு பகுதி. வெளியே மக்கள் எழுச்சி நாளைக்கே வந்துவிடும் என்ற நம்பிக்கையில், எதிர்க்க வழியற்ற இடத்தில் இருந்தவர்களை எதிர்க்கச் சொன்ன தலைமையைக் கட்சியே பின்னர் இடது சாகசவாதம் என்று கண்டித்தது. அந்தக் கண்டனம் வந்த விதம்தான் கசப்பானது. புக்காரெஸ்டிலிருந்து வெளிவந்த கமின்ஃபார்ம் ஏடு 1950 ஜனவரி 27 தலையங்கத்தில், இந்தியா போன்ற நாடுகளுக்குச் சீனத்தின் அனுபவமே வழிகாட்டி என்று எழுதி, ரணதிவேயின் கொள்கைக்கு அடித்தளமே இல்லாமல் செய்தது. சேலத்தில் துப்பாக்கி வெடித்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. எந்த வழிக்காக உள்ளே மோதினார்களோ, அந்த வழி வெளியுலகில் காலாவதியாகிவிட்டது என்ற செய்தி மலபார்க் குடியானவர்களை எட்டும் முன்பே அவர்கள் செத்துப்போனார்கள். அந்த ஆண்டிலேயே ரணதிவே நீக்கப்பட்டு ராஜேஸ்வர ராவ் வந்தார்; 1951இல் நான்கு தலைவர்கள் மாஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்துத் திரும்பினர்; அக்டோபரில், கட்சி நடத்திவந்த தெலங்கானா ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது.

மலாயாவும் மலைத்தோட்டமும்

சென்னை அரசு இவர்களை எப்படிப் பார்த்தது என்பதை மலாயா விளக்கும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அங்கே அவசர நிலை வந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் அதே மாதத்தில் கலைக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த, தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் வீரசேனன் என்னும் மற்றொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கணபதியைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றது என்பது இந்தக் கதையில் எளிதாகக் கடந்துபோக முடியாத செய்தி. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் பிரிட்டிஷ் அரசிடம் வற்புறுத்தினார். கடல் கடந்த தமிழ்க் கம்யூனிஸ்டின் உயிருக்காக டெல்லி மன்றாடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், சென்னை தன் சொந்தக் கம்யூனிஸ்டுகளை விசாரணையின்றி அடைத்து வைத்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கட்சியையே தடை செய்தது. மலாயாவில் அந்நிய ஆட்சியின் கொடுமையாகத் தெரிந்தது, சென்னையில் பொது ஒழுங்காகத் தெரிந்தது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் ஆள் போன தமிழ் மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சேர்வராயன் மலையிலும் தோட்ட முறை ஏறத்தாழ அதே அச்சில் வார்த்ததுதான். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி ஐரோப்பிய முதலாளிகளின் தோட்டங்களாகப் பெருகியது. மேலே துரை, நடுவே மேஸ்திரி, கீழே லயத்துக் குடும்பங்கள். ஆனால் ஏற்காட்டில் மலாயாபோல எதுவும் நடக்கவில்லை. மலாயாவில் ஜப்பானியப் படையை எதிர்த்துக் காட்டில் போரிட்டுப் பழகிய கட்சியும், போருக்குப் பின் மிஞ்சிய ஆயுதங்களும் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை. தோட்டமும் வறுமையும் இருந்தாலே கம்யூனிசம் தானாக முளைத்துவிடும் என்று அன்று அதிகாரிகள் பலர் பயந்தார்கள். ஏற்காட்டு மலை அந்தப் பயத்தை மெய்ப்பிக்கவில்லை.

மதம் இருக்கும் இடம்

சேலம் சிறையில் மதம் ஒரு காரணமாக இல்லை. நம்பியாரும் முதலியாரும் ஷேக் தாவூதும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக இறந்த இடம் அது. ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்த அரசுக் கருவிக்கு மதம் சார்ந்த ஒரு பிறப்புக் கதை உண்டு. காவும்பாயில் சுட்ட மலபார் சிறப்புக் காவல் படை, மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்க 1921இல் திரட்டி வளர்க்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சியில் ஜன்மிக்கு எதிரான குத்தகைக்காரனின் கோபமும் கிலாபத் இயக்கமும் பின்னிக் கிடந்தன. அது இந்துக்கள்மீதான வன்முறையாகவும் திரும்பியது. இருபத்தைந்து ஆண்டு கழித்து வடக்கு மலபாரில் எழுந்த விவசாயிகள் இயக்கம் மதத்தின் கொடியை ஏந்தவில்லை. நம்பியார் சாதியில் பிறந்தவர் நாயனார் ஜன்மத்துக்கு எதிராக நின்றார். இருந்தும் அரசு அனுப்பியது அதே படையைத்தான். கிளர்ச்சியின் நிறம் எதுவானாலும் மருந்து ஒன்றே என்ற முடிவுக்கு நிர்வாகம் எப்போதோ வந்துவிட்டது.

மற்ற இடங்களில் மதம் நேரடியாகவே களத்தில் இறங்கியது. 1949 ஜூலையில் போப் 12ஆம் பயஸின் ஆட்சியில் வெளியான ஆணை, கம்யூனிசக் கோட்பாட்டை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றது. சேலம் மறைமாவட்டத்தில் பணியாற்றிய பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபைக்குச் சீனத்தின் தென்மேற்கிலும் மஞ்சூரியாவிலும் மறைத்தளங்கள் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த அதன் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏற்காட்டின் கிறித்தவப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சீனப் புரட்சி ஏட்டில் மட்டும் படிக்கும் செய்தியாக இருந்திருக்காது. கேரளத்தில் 1957இல் அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு எதிராகத் திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும் கைகோத்துப் போராடியதும், 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்ததும் தெரிந்த வரலாறு. இந்தோனேசியாவில் 1965க்குப் பின் கம்யூனிஸ்டுகள் என்று கொல்லப்பட்டவர்கள் ஐந்து லட்சமாவது இருப்பர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு; இராணுவத்தோடு சேர்ந்து அதில் முன்னின்றது நஹ்தத்துல் உலமா என்னும் முஸ்லிம் அமைப்பின் அன்சோர் இளைஞர் அணி.

இவற்றோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பகுதியின் வழி தனி. மதத்தை நேருக்கு நேர் எதிர்த்த இயக்கம் இங்கே கம்யூனிசமாக இல்லாமல், வேறு பெயரில் இருந்தது. நீதிக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 ஆகஸ்ட் மாநாடும் இதே சேலத்தில்தான் நடந்தது. 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பெரியாரின் இயக்கம் அந்தக் களத்தை எடுத்துக்கொண்டதால், இங்கே கம்யூனிஸ்டுகள் கோயிலோடு மோத வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. அவர்களின் சண்டை நிலத்தோடும் ஆலையோடும் அரசோடும் நின்றது.

ஒரே மாவட்டத்து மனிதர்கள்

அன்றைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன். ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னையின் முதன்மை அமைச்சர். 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் போலீஸ், உள்துறை அமைச்சர். அவர் மகன் மோகன் குமாரமங்கலம், கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிக் கட்சியில் சேர்ந்தவர், 1940களின் தொடக்கத்தில் சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றவர். மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட். இன்னொரு மகன் பரமசிவ பிரபாகர், பிற்காலத்தில் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. ஜமீனும் போலீசும் படையும் கம்யூனிசமும் ஒரே வீட்டுக் கூடத்தில் அமர்ந்து சாப்பிட்டன என்று சொன்னால் அது மிகையாகாது. இந்த வீட்டுக்குள் கருத்து மாறுபாடு இருந்தது, துப்பாக்கி இல்லை. தளியன் ராமன் நம்பியாரின் குடும்பத்தில் தந்தையும் மகனும் ஒரே கருத்துடையவர்கள். அவர்களுக்குத்தான் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. கம்யூனிச அபாயம் என்று அன்று பேசப்பட்டது எல்லாக் கம்யூனிஸ்டுகளுக்கும் ஒரே எடையில் பொருந்தவில்லை.

மற்றொருவர் ராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். துப்பாக்கிச் சூட்டுக்கு 16 நாள் முன்பு தலைமை ஆளுநர் பதவியிலிருந்து இறங்கியவர், அந்த ஆண்டு இறுதியில் படேல் மறைந்தபின் மத்திய உள்துறை அமைச்சரானார். விசாரணையின்றி அடைத்து வைக்க இடம் தந்த தடுப்புக் காவல் சட்டத்தின் நீட்டிப்பை 1951இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். 1952இல் சென்னை முதலமைச்சராகி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார்.

நீதிமன்றத்தில் வந்து நின்ற சேலம்

துப்பாக்கிச் சூட்டின் நீண்டகால விளைவு சிறைக்குள் நிகழவில்லை, டெல்லியில் நிகழ்ந்தது. அரசியலமைப்பு வந்ததும் மாகாணங்களின் பழைய காவல் சட்டங்கள் உயர் நீதிமன்றங்களில் ஆட்டம் காணத் தொடங்கின. உடனே பிப்ரவரி கடைசியில் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். அது ஒரே நாளில் நிறைவேறியது. 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்த மலபார்க் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்படி மறுபடி உத்தரவு கொடுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் மே 19 அன்று உச்ச நீதிமன்றம், காவலில் வைக்கப்பட்ட காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14ஆம் பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, சட்டத்தின் மற்றப் பகுதிகளைச் செல்லும் என்றது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்.

அதே மார்ச் 1 அன்று, சேலம் சாவுகளுக்குப் பதினெட்டாம் நாள், சென்னை அரசு மற்றோர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார ஏடு, பொதுப் பாதுகாப்பையும் ஒழுங்கையும் முன்னிட்டு, சென்னை மாநிலத்துக்குள் நுழையவும் புழங்கவும் கூடாது என்றது அந்த ஆணை. தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு ஆணையை ரத்து செய்தது. அரசின் பாதுகாப்பையே குலைக்கும் பேச்சைத் தடுக்க அரசியலமைப்பின் 19(2) பிரிவு இடம் தருகிறது. பொது ஒழுங்கு என்ற அகலமான பெயரில் எதையும் தடுக்க இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அரசு அந்த இடத்தை உண்டாக்கிக்கொண்டது. 1951 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் ‘பொது ஒழுங்கு’, ‘அயல்நாடுகளுடன் நட்புறவு’, ‘குற்றம் செய்யத் தூண்டுதல்’ ஆகியவற்றைச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் சேர்த்தது. அரசியலமைப்பின் தொடக்கத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. சென்னை மாகாணம் 1947இல் மலபார் விவசாயிகளை மனத்தில் வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிய சொற்றொடர், இப்படி நாடு முழுமைக்குமான அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புக்குள் ஏறி அமர்ந்தது. உலக அரசியல் சேலம் சிறைக்கு வந்ததைவிட, சேலம் சிறை இந்திய அரசியலமைப்புக்குள் போனதுதான் பெரிய பயணம் என்று நான் கருதுகிறேன். ஆனால் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் ஸ்டாலினைச் சொல்லும் அளவுக்கு முதல் திருத்தத்தைச் சொல்வதில்லை.

முதல் பொதுத் தேர்தலில் கட்சி வாக்குச்சீட்டுக்குத் திரும்பியது. 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. ஏ. கே. கோபாலன் கண்ணூரிலிருந்து மக்களவைக்குப் போனார். அரசு எதிர்பார்த்த புரட்சியும் வரவில்லை, கட்சி எதிர்பார்த்த புரட்சியும் வரவில்லை. 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம் பல முறை நீட்டிக்கப்பட்டு 1969 வரை நடைமுறையில் இருந்தது. அதன் வழியில் 1971இல் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டமான மிசாவும், 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான குண்டர் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். சேலம், தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களில் அப்படி உத்தரவு பெறுவோரை இன்றும் அழைத்துச் செல்வது பெரும்பாலும் அஸ்தம்பட்டிச் சிறைக்குத்தான். உத்தரவில் எழுதப்படும் காரணமும் பொது ஒழுங்குதான்.